சித்தப்பாவுக்குக் கைமாற்று, அப்பாவின் கைக்கு வட்டிக்கடன்

மன்னார்குடிக்கு அருகிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தைக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ், அரசு மருத்துவமனையில் காப்பீட்டு அட்டையின் மூலம் நடக்கிறது. ஆனால் டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா சுருங்கும்போதெல்லாம் தஞ்சாவூரில் தனியார் மருத்துவமனைக்குப் போகிறார்கள். முதல் முறை பலூன் வைத்து விரிக்க 40,000 ரூபாய் ஆனது. சென்ற ஆடியில் ஃபிஸ்டுலா முழுவதும் அடைத்துக்கொண்டதால் 1,10,000 ரூபாய் ஆகி, அது மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக் கடனாக நிற்கிறது. இப்போது சம்பா நெல் பணம் 1,40,000 ரூபாய் வந்திருக்கிறது. அதில் ஒரு லட்சத்தைச் சித்தப்பா டிராக்டருக்காகக் கேட்கிறார். மீதியில் முகவர் சொல்லும், முதலீடும் சேர்ந்த மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியை எடுக்கலாமா என்பது கேள்வி.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடன் தொகையன்று, நடுவில் வந்த ஒரு வரி. ஊசி போட்ட இடத்தில் இரத்தம் நிற்க நேரமாகிறது, கையில் ஃபிஸ்டுலாவின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் அதிர்வு குறைந்திருக்கிறது என்று ஆனியிலேயே செவிலியர் சொன்னதாகவும், மாசியில் சித்தப்பாவுக்குக் கைமாற்றாகக் கொடுத்த 80,000 ரூபாய் திரும்பாததால் ஆடிவரை தள்ளிப்போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் இரத்தம் உறைந்து அதிர்வே நின்றுவிட்டது. சுருக்கத்தை மட்டும் விரிக்க வேண்டிய இடத்தில், உறைவை நீக்கவும், அதுவரை டயாலிசிஸ் செய்யக் கழுத்தில் குழாய் போடவும், மருத்துவமனையில் தங்கவும் செலவாயிற்று. கழுத்துக் குழாயில் கிருமித் தொற்று வரும் அபாயமும் கூடுதல் என்பதால் அப்பாவின் உயிரையே அந்தத் தாமதம் பணயம் வைத்தது.

கணக்கைப் பாருங்கள். கூடுதலாகப் போனது 70,000, பங்குனி வரையிலான எட்டு மாத வட்டி 26,400. சித்தப்பாவுக்கு வட்டியில்லாமல் கொடுத்த 80,000 ரூபாய் உங்களுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் செலவு வைத்திருக்கிறது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. மாசியில் கொடுத்துவிட்டு ஆடியில் கடன் வாங்கும் இந்தப் பழக்கத்தை இந்த ஆண்டோடு நிறுத்த வேண்டும் என்கிறேன்.

பலூன் வைத்து விரித்த இடம் பலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மீண்டும் சுருங்குகிறது. ஆகவே இதை எதிர்பாராத செலவு என்று எழுதாதீர்கள். உரச் செலவைப் போல ஆண்டுதோறும் வருவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். 60,000 ரூபாயை அப்பா அம்மா இருவர் பெயரிலும் தனிக் கணக்கில் போட்டு, அதன் அட்டையை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். மீதி 80,000 ரூபாயைக் கடனில் கட்டுங்கள். எஞ்சும் 30,000 ரூபாய்க்குக் கூட்டுறவு வங்கியில் நகையை அடகு வைத்தால், மாதம் சுமார் ஒரு விழுக்காடு என்று கொண்டாலும் வட்டி 300 ரூபாய்தான். இப்போது கட்டுவது 3,300. மிச்சமாகும் 3,000 ரூபாயைத் தனிக் கணக்கில் மாதந்தோறும் சேர்த்தால், ஆண்டுக்கு 36,000 ரூபாய், கிட்டத்தட்ட ஒரு சிகிச்சைக்கான பணம். குறுவைக்குக் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் இருக்கிறது. தவணைக்குள் கட்டினால் வட்டியில்லை.

பாலிசி வேண்டாம். முன்பே இருக்கும் நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு விதி இடம் தருகிறது. டயாலிசிஸில் இருப்பவரைப் பெரும்பாலும் சேர்க்கவே மாட்டார்கள். நோயை எழுதாமல் விட்டுவிடலாம் என்று முகவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அப்படி வாங்கிய பாலிசி பணம் கேட்கும் நாளில் நிராகரிக்கப்படும். முதலீடும் சேர்ந்தது என்பதால் அது நல்லதாகிவிடாது. சுருக்கத்தை விரிக்க மருந்து பூசிய பலூன் வைக்கலாம் என்று சொன்னால், அதுவும் இப்படித்தான்: சிலருக்குக் கூடுதல் நாள் பலன் தரலாம், விலையும் கூடுதல், அப்பாவின் சுருக்கத்துக்கு அது தேவையா என்று மருத்துவரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் இந்த அடைப்பு நீக்கம் எந்த மருத்துவமனையில் செய்யப்படுகிறது என்று, கை நன்றாக இருக்கும் இந்த வாரமே காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். அனுமதி வாங்க அவகாசம் வேண்டும், அடைத்த பிறகு அந்த அவகாசம் கிடைக்காது. அதிர்வு குறைந்ததாகச் செவிலியர் அடுத்த முறை சொன்னால், அன்றே இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு நாள் கேளுங்கள்.

சித்தப்பாவிடம் டிராக்டருக்குப் பணமில்லை என்று நீங்களே சொல்லுங்கள், அப்பாவைச் சொல்ல வைக்காதீர்கள். அந்த 80,000 ரூபாயில் சித்தப்பா இதுவரை திருப்பித் தந்தது 50,000தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பாக்கி 30,000 ரூபாயைக் குறுவை நடவுக்கு முன் கேட்டு வாங்கி, அடகு நகையை மீட்டுவிடுங்கள்.