தங்கையை மேலாளர் ‘காட்டுக்காரி’ என்கிறார், என்ன செய்யலாம்?

கோத்தகிரி விடுதியில் வேலை பார்க்கும் உங்கள் தங்கையை, இருளர் பழங்குடியைச் சேர்ந்தவள் என்பதால் மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் இப்படி அழைக்கிறார், தனி டம்ளர் தருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் நெஞ்சு கொதித்தது. என் அக்காவும் குன்னூரில் சமையலறைக்குப் பின்னால் நின்றுதான் தேநீர் குடித்தாள்.

பழங்குடியினரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பிறர் பார்வையில் படும் இடத்தில் அவமதிப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே யார் உடன் இருந்தார்கள் என்பது மிக முக்கியம். நாள், நேரம், சொன்ன சொல் அப்படியே, பக்கத்தில் நின்றவர் பெயர், எல்லாவற்றையும் இன்றிரவே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வழக்கைக் காவல் துணைக் கண்காணிப்பாளர் (டிஎஸ்பி) நிலைக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க வேண்டும். பழங்குடியினருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு, சட்ட உதவி எண்ணான 15100ஐ அழையுங்கள். காவல் நிலையத்துக்கு அவளைத் தனியாக அனுப்பாதீர்கள்.