ரத்தமும் நீர்க் கணக்கில்தான் சேரும்

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, கிட்னி பிரச்னை. ஹீமோகுளோபின் 6.5க்கு இறங்கியதால் ஒரு பை ரத்தம் ஏற்றினார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. பை சில்லென்று இருக்கிறதே, வெந்நீரில் வைக்கலாமா என்றேன், சிஸ்டர் மறுத்துவிட்டார். அடுத்த வாரம் இன்னொரு பை. நான் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சிஸ்டர் செய்ததுதான் சரி. வெந்நீர் பட்டால் சிவப்பணுக்கள் உடையும். அதிலிருந்து கசியும் பொட்டாசியம், கிட்னி பழுதானவருக்கு இதயத் துடிப்பையே குலைக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த 30 நிமிடத்துக்குள் ஏற்றத் தொடங்கி, 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்கு மேல் வெளியில் இருந்தால் பையில் கிருமி பெருகும்.

நிதானமாக ஏற்றுவதற்குக் காரணம் உங்கள் அம்மாவின் கிட்னி. ஒரு பை சிவப்பணு சுமார் 300 மி.லி. வரும். ஹீமோகுளோபினை ஏறக்குறைய 1 கிராம் கூட்டும். அந்த 300 மி.லி.யும் உடம்புக்குள் போகும் நீர்தான். சிறுநீர் குறைந்தவருக்கு அது நுரையீரலில் தேங்கும். 20 சொட்டு ஒரு மி.லி. என்று வரும் குழாய் செட்டில், மூன்றரை மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு 28, 29 சொட்டு. குழாயில் உள்ள சக்கரத்தை நீங்களாகத் திருகி வேகப்படுத்தாதீர்கள்.

ஏற்றுவதற்கு முன் பெயர், ஆஸ்பத்திரி எண், குரூப், பை எண், காலாவதித் தேதி எல்லாவற்றையும் கட்டிலருகே இருவர் சரிபார்ப்பார்கள். பெயரை அம்மாவே சொல்லட்டும். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த டியூபில் அங்கேயே பெயர் எழுதுகிறார்களா என்றும் பாருங்கள். ஆள் மாறி ரத்தம் ஏறும் விபரீதம் அந்த இடத்திலும் தொடங்கலாம்.

முதல் 15 நிமிடம் பக்கத்தை விட்டு நகராதீர்கள். குளிர் நடுக்கம், காய்ச்சல், அரிப்பு, இடுப்புவலி, மூச்சுத்திணறல், சிறுநீர் கறுத்துப்போவது, இதில் எது வந்தாலும் உடனே குரல் கொடுங்கள். ஏற்றுவதை அப்போதே நிறுத்தி, புது செட் மாற்றி நார்மல் சலைன் என்ற உப்பு நீர் போடுவார்கள். பையைத் தூக்கிப் போடாமல் ரத்த வங்கிக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ரத்தத்தோடு அதே குழாயில் குளுக்கோஸும், ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) என்ற டிரிப்பும் போகக் கூடாது. குளுக்கோஸ் அணுக்களை உடைக்கும், ஆர்.எல்.லில் உள்ள கால்சியம் ரத்தத்தை உறைய வைக்கும். ஏற்றி முடித்த பிறகும் இருமலோ, படுத்தால் மூச்சு வாங்குவதோ வந்தால் நீர் கூடிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு இதயம் பலவீனம். ஒரு நாளைக்கு 1.2 லிட்டர் நீர்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த வெயிலில் எப்படிக் கணக்கு வைப்பது?
– வாசகர், காசிமேடு

பதில்: வீட்டு எவர்சில்வர் டம்ளரை மருந்து மூடியால் அளந்து, அதன் கொள்ளளவைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். காலையிலேயே 1.2 லிட்டரை ஒரு பாட்டிலில் ஊற்றி வையுங்கள். அவர் டீயோ, கஞ்சியோ, ரசமோ, மோரோ குடிக்கும்போதெல்லாம் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து வெளியே ஊற்றிவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. நுங்கு, தர்பூசணி, ஐஸ் எல்லாம் சேரும்; தெருமுனை நுங்கு வண்டியில்தான் பலருக்குக் கணக்கு தவறுகிறது. உப்பைக் குறைத்தால் தாகமும் அடங்கும், கருவாடும் ஊறுகாயும் வேண்டாம்.

எடைதான் நம்பகமான சாட்சி. தினமும் காலை, சிறுநீர் கழித்ததும், சாப்பிடுமுன், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். சட்டென்று ஒரு கிலோ ஏறினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் தேங்கியிருக்கிறது. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, மூன்று நாளில் இரண்டு கிலோவோ கூடினால், கால் வீங்கும்வரை காத்திராமல் டாக்டரைப் பாருங்கள். தலைசுற்றல் வந்து சிறுநீரும் குறைந்தால் நீர் வற்றியிருக்கலாம். அன்றும் டாக்டரிடம் கேட்காமல் மாத்திரையை மாற்றாதீர்கள்.