ஆபாசப் புகார்களை அமெரிக்க மத்திய அரசு எப்படி விசாரிக்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அமெரிக்க வானொலியில் ஆபாசமான நிகழ்ச்சி ஒலிபரப்பானால் விசாரிப்பது மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யா, மத்தியத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யா?

பதில்: இரண்டுக்கும் அதிகாரம் உண்டு. குற்றவியல் சட்டத்தின் 1464ஆம் பிரிவு இத்தகைய ஒலிபரப்புக்கு இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கிறது. அது நீதித்துறையும் எஃப்.பி.ஐ.யும் கையாளும் வழி. நடைமுறையில் நேயர்களின் புகார்கள் எஃப்.சி.சி.யிடமே செல்கின்றன. அந்த ஆணையம் அபராதம் விதிக்கலாம், உரிமத்தையும் ரத்துசெய்யலாம். ஆனால் நிகழ்ச்சிகளைத் தணிக்கை செய்யச் சட்டம் அதற்கு அனுமதி தரவில்லை. ஆபாசம் எந்நேரமும் தடைசெய்யப்பட்டது. அந்த அளவை எட்டாத அநாகரிகப் பேச்சுக்கோ காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மட்டுமே தடை. சந்தா செலுத்திப் பார்க்கும் கேபிள் சேனல்களுக்கு இந்த நேரக் கட்டுப்பாடு பொருந்தாது.

கேள்வி: ஒரு ராக் பாடலை எஃப்.பி.ஐ. விசாரித்தது உண்மையா?

பதில்: உண்மைதான். ‘தி கிங்ஸ்மென்’ குழு 1963இல் வெளியிட்ட ‘லூயி லூயி’ இசைத்தட்டில் ஆபாச வரிகள் ஒளிந்திருப்பதாகப் பெற்றோர் புகார் செய்ததால், எஃப்.பி.ஐ. ஆய்வகம் அதை வெவ்வேறு வேகங்களில் ஓடவிட்டுக் கேட்டது. வரிகள் எந்த வேகத்திலும் புரியாததால் வழக்குத் தொடர ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு அதிகாரிகள் வந்தனர். காதலியைக் காணக் கடல் கடந்து செல்ல ஏங்கும் ஒருவனின் பாடல் அது. கேட்பவர்களின் கற்பனையை ஆதாரமாகக் கொண்டு குற்ற விசாரணையைத் தொடங்கவே கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

கேள்வி: அப்படியானால் எது ஆபாசம் என்று யார் தீர்மானிப்பது?

பதில்: 1973இல் மில்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று நிபந்தனைகளை வகுத்தது. அந்த வட்டாரத்தின் சராசரி மனிதர் பார்வையில் படைப்பை முழுமையாக எடுத்துக்கொண்டால் அது காம இச்சையைத் தூண்டுவதாக இருக்க வேண்டும். சட்டம் குறிப்பிடும் பாலுறவுச் செயல்களை அருவருக்கத்தக்க முறையில் காட்ட வேண்டும். இலக்கிய, கலை, அரசியல், அறிவியல் மதிப்பு ஏதும் பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லாதிருக்க வேண்டும். மூன்றும் ஒருசேர நிரூபிக்கப்பட்டால்தான் குற்றம். வட்டாரத்தின் அளவுகோலைச் சொல்வது ஜூரிகள் என்பதால், ஓரிடத்தில் தண்டனை பெறும் படம் வேறிடத்தில் தப்பிவிடலாம். இது சட்டத்தின் பெரும் பலவீனம் என்றே கருதுகிறேன்.

கேள்வி: வீட்டில் வைத்திருந்தாலே குற்றமா?

பதில்: வயதுவந்தோர் தொடர்பான ஆபாசப் படைப்பைத் தம் வீட்டில் வைத்திருப்பது மட்டும் குற்றமாகாது என்று 1969இல் ஸ்டான்லி வழக்கில் தீர்ப்பானது. குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்படும் படங்களுக்கு இந்தப் பாதுகாப்பு அறவே கிடையாது. அப்படி எதையேனும் இணையத்தில் கண்டால் சேமிக்காமலும் யாருக்கும் அனுப்பாமலும், அமெரிக்காவில் இருப்பவர்கள் ‘சைபர்டிப்லைன்’ என்ற குழந்தைப் பாலியல் சுரண்டல் புகார் சேவை வழியாக உடனே தெரிவியுங்கள்.