துவரையைப் பிடுங்காதீர்கள்

கேள்வி: சென்ற இதழில் சந்தன மரத்தை ஒட்டுண்ணி என்று எழுதியிருந்தீர்கள். சாமிக்குச் சாத்தும் மரத்தை இப்படியா கேவலப்படுத்துவது? ஒட்டுண்ணி என்றால் மாமரத்துப் புல்லுருவி, பனைமேல் முளைக்கும் ஆல். மண்ணில் வேர்விட்டு நிற்கும் சந்தனம் எப்படி அந்தக் கூட்டத்தில் சேரும்? நாங்கள் 2 ஏக்கரில் சந்தனம் நடப்போகிறோம். நர்சரிக்காரர் ஒவ்வொரு கன்றோடும் ஒரு துவரைச் செடியைத் தலையில் கட்டுகிறார். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நடலாம்தானே?
- வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: பிடுங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தத் துவரைதான் கன்றுக்குச் சோறு. நம்பிக்கை இல்லையென்றால் ஒரே ஒரு பையைக் கிழித்து, மண்ணைத் தண்ணீரில் மெதுவாகக் கரைத்துப் பாருங்கள். சந்தனத்தின் மெல்லிய வேர் துவரை வேரைத் தொடும் இடங்களில் வெளிறிய சின்னச் சின்னக் குமிழ்கள் தெரியும். இழுத்தால் லேசில் வராது. குமிழின் அடி துவரை வேரின் பட்டையைத் துளைத்து, உள்ளே தண்ணீர் ஓடும் குழாய் வரை போயிருக்கும். பாடப்புத்தகத்தில் இதற்கு உறிஞ்சு வேர் என்று பெயர். தாவரவியலாளர் ஜான் ஸ்காட் 1871-லேயே இதைக் கண்டு எழுதிவிட்டார். சென்னை மாகாண அரசின் தாவரவியலாளராக இருந்த சி.ஏ. பார்பர், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் குமிழைப் பற்றியே தனியாக ஆராய்ந்து விரிவாக எழுதினார். பின்னாளில் கோவையில் கரும்பு ஆராய்ச்சியால் பெயர் பெற்ற அதே பார்பர்தான். ஆக, எங்கள் கட்டுரையாளர் சந்தனத்தின் மேல் புதிதாக எந்தப் பழியும் போடவில்லை.

சரி, எல்லாவற்றையும் அடுத்தவரிடமே வாங்கித் தின்கிற ஜாதியா என்றால், இல்லை. இலை பச்சை, மாவுச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. பக்கத்து வேரிலிருந்து எடுப்பது பெரும்பாலும் தண்ணீரும் தழைச்சத்து, மணிச்சத்து வகையறாக்களும்தான். நீங்கள் திட்டுகிற புல்லுருவியும் பச்சை இலைக்காரன்தான், அதுவும் இதையேதான் செய்கிறது. அது கிளையில் எல்லார் கண்ணுக்கும் தெரியக் குத்துகிறது. சந்தனம் மண்ணுக்கடியில் குத்துவதால் நல்ல பெயரோடு இருக்கிறது. தாவரவியலார் இரண்டையும் சான்டலேல்ஸ் என்ற ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்கள். அந்த வரிசைக்குப் பெயரே சந்தனத்தை வைத்துத்தான். பங்காளிகள்!

உங்கள் பட்டியலில் தவறாகச் சேர்ந்தது ஆல்தான். பறவை எச்சத்தில் வந்த விதை, பனையின் மட்டை இடுக்கில் கொஞ்சம் ஈரம் கண்டு முளைக்கிறது. பிறகு தன் வேரைத் தரைக்கு இறக்கிக்கொள்கிறது. பனையிடமிருந்து ஒரு சொட்டுக்கூடக் குடிப்பதில்லை. பனைக்குச் சேதம் வருவது நெருக்கலாலும் நிழலாலும்.

‘வேலியோரம் சந்தனம் தானாக முளைத்துச் செழிக்கிறதே’ என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். குயில் பழத்தைத் தின்றுவிட்டு வேலியில் விதையைப் போடுகிறது. அங்கே வேம்பு இருக்கிறது, கருவேல் இருக்கிறது, பெயர் தெரியாத புதர்கள் இருக்கின்றன. 300க்கும் மேற்பட்ட தாவரங்களின் வேரில் சந்தனம் வாய் வைக்கும். அம்மன் கோயில் வேம்பின் வேரையும் விட்டுவைக்காது, அதற்காக அம்மன் கோபித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

தனியாக நட்டால் முதல் சில மாதங்கள் கன்று பச்சையாகத்தான் நிற்கும். விதையில் இருந்த சேமிப்பு, சொந்த வேர் என்று சமாளிக்கும். பலர் ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான். அப்புறம் இலை வெளுக்கும், வளர்ச்சி நிற்கும், நீங்கள் உரக்கடைக்கு ஓடுவீர்கள். வேறு வேர் எதுவும் கிடைக்காவிட்டால் பக்கத்துச் சந்தனத்தின் வேரையே அது குத்தும். 2 ஏக்கரில் சந்தனம் மட்டும் நட்டால் ஒன்றை ஒன்று தின்ன வேண்டியதுதான்.

ஆகவே, துவரை கன்றை மூடி நிழல் கட்டினால் நுனியைக் கிள்ளிவிடுங்கள், வேரோடு பிடுங்காதீர்கள். தோட்டத்தைக் கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டென்றால் அதையும் கொஞ்சம் தளர்த்துங்கள். (பார்த்தீனியத்தை வளர்க்கச் சொல்லவில்லை.) துவரை இரண்டு மூன்று ஆண்டில் போய்விடும். சந்தனத்தில் வைரம் பாயத் தொடங்கவே 10 ஆண்டு, 15 ஆண்டு ஆகும். வாசனையும் எண்ணெயும் அந்த வைரத்தில்தான். வெளியே இருக்கும் வெள்ளைக் கட்டைக்கு மதிப்பில்லை. அத்தனை காலமும் கூட நிற்க சவுக்கு, வேம்பு, புங்கன், மலைவேம்பு என்று ஏதாவது மரம் இடையிடையே வேண்டும். நர்சரிக்காரரிடம் கேட்பதானால், துவரைக்குப் பிறகு உங்கள் மண்ணுக்கு இவற்றில் எது தோதுப்படும், அந்தக் கன்றும் அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். துவரை இல்லாமல் மொட்டையாகக் கன்று கொடுக்கிறவர் எதிர்ப்பட்டால், இந்தக் கோபத்தை அவரிடம் காட்டுங்கள்.