ஐஆர்க்யூ 16 மூடிக்கொண்டால் மவுஸ் ஏன் திணறுகிறது?

லினக்ஸில் உங்கள் யூஎஸ்பி மவுஸ் திணறுவதாகச் சொல்லி, டிமெசேஜ் (கெர்னல் என்ற இயங்குதள மையம் எழுதும் பதிவு) வரிகளை ஒட்டியிருக்கிறீர்கள். மவுஸை மாற்றாதீர்கள், கோளாறு அதில் இல்லை. அந்த வரிகளிலேயே விடை இருக்கிறது: "ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்" (யாரும் கண்டுகொள்ளவில்லை), அப்புறம் "டிசேபிளிங் ஐஆர்க்யூ 16" (அதை மூடுகிறேன்). "என்னைக் கவனி" என்று ஒரு சாதனம் பிராசசருக்கு அனுப்பும் சிக்னல்தான் இன்டரப்ட், அது வரும் லைன்தான் ஐஆர்க்யூ. ஒரு லட்சம் இன்டரப்ட்டில் 99,900-க்கு மேல் எந்த டிரைவரும் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) "என்னுடையது" என்று ஏற்காவிட்டால், கெர்னல் அந்த லைனையே மூடிவிடும். பிறகு வினாடிக்குப் பத்து தடவை போல எட்டிப் பார்ப்பதோடு சரி. உங்கள் மவுஸ் குதித்துக் குதித்து நகர்வது அதனால்தான்.

பெரும்பாலும் யூஎஸ்பி கன்ட்ரோலரோடு அதே லைனைப் பகிரும் வேறொரு சாதனம்தான் இன்டரப்ட் அனுப்பிக் கத்திக்கொண்டே இருக்கும். பகிர்வது தவறல்ல, பிசிஐயில் (கார்டுகளையும் கன்ட்ரோலர்களையும் கணினியோடு இணைக்கும் அமைப்பு) அது சகஜம்.

1. ப்ராக் அடைவிலுள்ள இன்டரப்ட்ஸ் கோப்பில் 16-ஆம் வரியைப் பாருங்கள். அந்த லைனை எந்தெந்த டிரைவர்கள் பகிர்கின்றன என்று வலது ஓரத்தில் பெயர் இருக்கும்.

2. பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு), விரிவான வெளியீட்டோடு ஓட்டுங்கள். ஐஆர்க்யூ 16 என்று இருந்தும் டிரைவர் பெயர் இல்லாத சாதனம் தென்பட்டால் முதல் சந்தேகம் அதன்மேல்.

3. அதை பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) முடக்கி ரீபூட் செய்யுங்கள். "நோபடி கேர்ட்" செய்தி வராவிட்டால் ஆள் சிக்கிவிட்டது. கழற்றக்கூடிய கார்டு என்றால் வேறு ஸ்லாட்டில் செருகிப் பாருங்கள், லைன் மாறலாம்.

பூட் வரியில் ஐஆர்க்யூபோல் (யாரும் ஏற்காத இன்டரப்ட்டுக்கு எல்லா டிரைவர்களையும் கேட்டுப் பார்க்கும் தேர்வு) சேர்க்கச் சொல்லி கெர்னலே யோசனை தரும். சோதனைக்குச் சரி, ஆனால் வேகம் அடிவாங்கும். ஏசிபிஐயை (மின்சாரத்தையும் வன்பொருளையும் நிர்வகிக்கும் அமைப்பு) மொத்தமாக அணைக்கும் வழிக்கு மட்டும் போகாதீர்கள், பேட்டரி அளவு, ஸ்லீப் எல்லாம் போய்விடும்.