கிட்டாரும் குரலும் மட்டும் வைத்து ஆல்பம் போட்டால் வெறுமையாகத் தெரியாதா?

நாட்டுப்புறப் பாடல்கள் பாடும் தனிப் பாடகர் நீங்கள். இசைக்குழு எதுவும் இல்லாமல் கிட்டாரும் குரலுமாக ஒரு ஆல்பம் போட நினைக்கிறீர்கள். கேட்பவர்களுக்கு அது வெறுமையாகத் தெரியுமா, எப்படிப் பதிவு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போடுங்கள். இந்த மாதிரிப் பதிவுகளுக்கு மைக் வைத்துக் கொடுப்பது என் வேலை. கேட்பதற்கும் எனக்கு இதைவிடப் பிடித்த வகை வேறில்லை. ஆனால் கருவிகளைக் குறைத்தால் வேலையும் குறைந்துவிடும் என்று நம்பி இறங்காதீர்கள். மற்ற ஆல்பங்களில் பாதி வேலை, பதிவான ஒலிகளைக் கலந்து அளவு சரிசெய்யும் மிக்ஸிங்கில் நடக்கும். இதிலோ நீங்கள் ஸ்டுடியோவுக்குள் கால் வைப்பதற்கு முன்பே பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும்.

ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' ஆல்பம் 1972இல் வந்தது. அவருடைய முந்தைய இரண்டு ஆல்பங்களிலும் வயலின்களும் மற்ற வாத்தியங்களும் உண்டு. இதில் அவருடைய குரல், கிட்டார், தலைப்புப் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ, அவ்வளவுதான். ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டை மட்டும் கூட வைத்துக்கொண்டு லண்டனில் இரண்டே இரவுகளில் பாடி முடித்தார். மொத்தமே 28 நிமிடம். வந்த புதிதில் அதை வாங்க ஆளில்லை, இன்றைக்குத் தேடித் தேடிக் கேட்கிறார்கள். இரண்டு இரவில் முடிந்தது என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பாட்டும் விரலிலும் தொண்டையிலும் ஊறிப்போயிருந்தால்தான் அது நடக்கும்.

வெறுமையாகத் தெரியுமா என்ற கேள்விக்கு இன்னொரு ஆல்பம் பதில் சொல்லும். அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 தொடக்கத்தில், பிறகு குழுவோடு பதிவு செய்யலாம் என்ற எண்ணத்தில், வீட்டில் உட்கார்ந்து நான்கு ஒலிகளைத் தனித்தனியே பதியும் நான்கு டிராக் கேசட் கருவியில் சில பாட்டுகளைப் பாடி வைத்தார். அப்புறம் அதே பாட்டுகளை முழுக் குழுவோடு ஸ்டுடியோவில் வாசித்துப் பார்த்தார்கள். ஒத்துவரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டில் இருந்ததே 'நெப்ராஸ்கா' என்று ஆல்பமாக வந்தது. ஒரு மனிதன் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறான் என்ற உணர்வில்தான் அந்தப் பாட்டுகளின் உயிர் இருந்தது. டிரம்ஸும் மற்றதும் சேர்ந்தால் அந்த ஆள் தூரமாகப் போய்விடுவான்.

அதனால் முதல் வேலை பாட்டுத் தேர்வு. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு வெறும் குரலில் முழுப் பாட்டையும் பாடிப் பாருங்கள். நடுவில் உங்களுக்கே சலிப்புத் தட்டினால் அது இந்த ஆல்பத்துக்கான பாட்டு இல்லை. கதைப்பாடல்களில் ஒரே மெட்டு எட்டுப் பத்துச் சரணங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும். குழு இருந்தால் மூன்றாவது சரணத்தில் ஒரு தாளத்தைச் சேர்த்துத் தப்பித்துவிடலாம். உங்களுக்கு அந்த வழி கிடையாது. ஒரு சரணத்தில் கிட்டாரை அறவே நிறுத்தலாம், இன்னொன்றில் கட்டைவிரலின் அடிநாதத்தை மட்டும் விடலாம். இதையெல்லாம் பதிவு அன்று யோசிக்கக் கூடாது.

பதிவைப் பற்றி நான் அழுத்திச் சொல்வது ஒன்றே ஒன்று: பாடுவதையும் வாசிப்பதையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். ஒரு தாலாட்டை ஒரு பாடகியோடு இரண்டு விதமாகவும் பதிவு செய்து பார்த்தோம். சேர்ந்து பாடியபோது, கடைசிச் சரணத்துக்கு முன்னால் அவர் மூச்சை ஒரு கணம் கூடுதலாகப் பிடித்தார். கட்டைவிரலும் கூடவே காத்திருந்து, அடிக்கம்பி ஒரு இழை தாமதமாக ஒலித்தது. காதில் சீராகத் தாளம் தட்டும் கிளிக் சத்தத்துக்குக் கிட்டாரை முதலில் வாசித்து, அதன்மேல் குரலைப் பாடியபோது எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஆனால் அந்தக் காத்திருப்பு காணாமல் போயிருந்தது. குரல் கிட்டாரைத் துரத்திக்கொண்டு ஓடியது. பாட்டின் உருக்கமே அந்த ஒரு கணத்தில்தான் இருந்தது என்று அப்போதுதான் எங்கள் இருவருக்கும் புரிந்தது.

சேர்ந்து பாடினால் குரல் கிட்டார் மைக்கிலும், கிட்டார் குரல் மைக்கிலும் கலக்கும். அதனால் சுருதி பிசகிய ஒரு சொல்லை மட்டும் தனியே எடுத்துத் திருத்துவது கஷ்டம். அந்தச் சரணத்தையே மறுபடி பாட வேண்டியிருக்கும். நான் இதை நல்லதாகவே நினைக்கிறேன், பாடுபவர் முழு மனதோடு உட்காருவார். கலப்பைக் குறைக்க வேண்டுமென்றால் ஃபிகர்-8 மைக் உதவும். அதற்கு முன்பக்கமும் பின்பக்கமும் கேட்கும், இரண்டு பக்கவாட்டிலும் காது மந்தம். கிட்டாரைப் பார்க்கும் மைக்கின் பக்கவாட்டு உங்கள் வாயை நோக்கி இருக்குமாறு திருப்பினால் குரல் நன்றாகக் குறையும். மைக்கைக் கிட்டாரின் வட்ட ஓட்டைக்கு நேரே வைக்காதீர்கள். 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கும்மென்ற இரைச்சல் ஏறும். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கோடுகளில் (ஃப்ரெட்) பன்னிரண்டாவதன் பக்கம், ஒரு சாண் தள்ளி வைத்துத் தொடங்குங்கள்.

அறையில் மின்விசிறி, குளிர்சாதனப்பெட்டி, கடிகாரம் எதுவும் ஓடக் கூடாது. குழு இசையில் புதைந்துபோகும் சின்னச் சத்தம் இங்கே பாட்டுக்கு நடுவே வந்து நிற்கும். புதுக் கம்பிகளை ஓரிரு நாள் முன்னதாகவே மாட்டிவிடுங்கள், இழுபட்டுச் சுருதி நிலைக்கட்டும். ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பியில் விரல் உராயும் சத்தமும் மூச்சிழுப்பும் இருக்கட்டும், மிக்ஸிங்கில் அவற்றை வெட்ட விடாதீர்கள்.

சுருதியை உங்கள் தொண்டைக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், கையின் வசதிக்கு இல்லை. அதற்குத்தானே கிட்டாரின் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கேப்போ இருக்கிறது! அதே சமயம் எல்லாப் பாட்டும் ஒரே சுருதியில், ஒரே வேகத்தில் அமைந்தால் நான்காவது பாட்டிலேயே காது களைத்துவிடும். வரிசை போடும்போது பக்கத்துப் பக்கத்தில் ஒரே சாயலான பாட்டுகள் வராமல் பாருங்கள். 30, 35 நிமிடம் போதும். இசைத்தட்டாகவும் போடும் எண்ணம் இருந்தால் ஒரு பக்கத்துக்கு சுமார் 20 நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் மாஸ்டரிங்கில் "இன்னும் சத்தமாக்கலாமே" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) என்ற அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நசுக்கி நீங்கள் ஏற்றிய சத்தத்தை அது இறக்கிவிடும், நசுங்கியது மட்டும் மிஞ்சும். மெல்லப் பாடிய வரி மெல்லவே கேட்கட்டும்.

அப்புறம் பெயர்கள். வாய்வழியாக வந்த பாட்டுக்கு 'மரபுப் பாடல்' என்று போடுங்கள், இயற்றியவர் இடத்தில் உங்கள் பெயரைப் போடாதீர்கள். அந்தப் பாட்டைக் கிட்டாருக்கு ஏற்ப அமைத்த விதம் (அரேஞ்ச்மென்ட்) உங்களுடையது என்றால் அதைத் தனியாகக் குறிப்பிடலாம். யாரிடம் கற்றீர்களோ அவர் சம்மதத்தோடு அவர் பெயரும் அட்டையில் வரட்டும். மரபு என்று எல்லோரும் நினைக்கும் பாட்டுக்குச் சில சமயம் எழுதியவர் இருப்பார், உரிமை இன்னும் அவர் குடும்பத்திடம் இருக்கலாம். ஒவ்வொரு பாட்டையும் வெளியீட்டுக்கு முன்பே சரிபார்த்து, தேவையான இடத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.