அடிமாட்டு விலையில் அரிய நாணயமா?

பழைய காசு சேர்ப்பவர்களின் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். ‘மலிவாகக் கிடைத்ததே, யோகமா?’ என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: அவசரப் பணத் தேவை என்று சொல்லி ஒருவர், 1943-ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட் செம்புக் காசைக் கொடுத்தார். பெரும் தொகைக்கு ஏலம் போகும் ரகமாம். நான் கொடுத்ததோ சொற்பம். அடித்தது யோகம்தானே?

பதில்: முதலில் ஒரு காந்தத்தை எடுங்கள். காசு ஒட்டிக்கொண்டால் கதை முடிந்தது. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால், 1943-இல் அமெரிக்கா துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தது. முந்தைய ஆண்டின் வெண்கலத் தகடுகள் சில எப்படியோ உள்ளே தங்கி, அவற்றின் மேலும் அச்சு விழுந்துவிட்டது. அரிய காசு என்பது அந்தச் சில மட்டும்தான். எஃகுக் காசோ கோடிக்கணக்கில் இருக்கிறது. அதற்குச் செம்பு முலாம் பூசுவது பெரிய வித்தையே இல்லை.

ஒட்டவில்லையா? சரி, அதற்குள் துள்ள வேண்டாம். எடை போடுங்கள். வெண்கலம் என்றால் 3.11 கிராம் அளவில் இருக்க வேண்டும், எஃகு 2.7 கிராம். அப்புறம் லென்ஸ் வைத்து கடைசி எண்ணைப் பாருங்கள். 1948-ஆம் ஆண்டுக் காசில் 8-இன் இடப்பக்கத்தைச் செதுக்கி 3 ஆக்குவது பழைய வேலை. அசல் 1943-இல் 3-இன் வால் நீண்டு கீழே இறங்கும். செதுக்கிய 3-க்கு அந்த வால் இருக்காது. இத்தனையும் தேறினால் மட்டும் நிபுணரிடம் போங்கள்.

ஒன்று யோசித்தீர்களா? இந்தக் காசு ஏலத்தில் என்ன விலை போகும் என்று உங்களுக்குச் சொன்னதே விற்றவர்தான். அவ்வளவு தெரிந்தவர் ஏன் சொற்பத்துக்குக் கொடுக்கிறார்? கதை சொல்லி விற்கும் காசை நான் கையில்கூட வாங்குவதில்லை.

கேள்வி: அப்படியானால் நிஜமாகவே மலிவாகக் கிடைப்பது எங்கே?

பதில்: ‘அரியது’ என்று யாரும் சொல்லாத இடத்தில். எடை போட்டு விற்கும் கலப்பு நாணயக் குவியல்தான் எனக்குப் பிடித்த வேட்டைக்களம். வருடத்தையும் தலையையும் பார்ப்பதற்கு முன் விளிம்பைப் பாருங்கள். அமெரிக்க டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்) இரண்டும் 1964 வரை 90 சதவீத வெள்ளி. அதற்குப் பிறகு அடித்தவற்றில் விளிம்பைச் சுற்றிச் செம்புக் கோடு பழுப்பாகத் தெரியும். காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பக்கவாட்டில் பார்த்தால், பழுப்பு வரிகளுக்கு நடுவே வெள்ளைக் காசு தனியாகத் தெரியும். ஒவ்வொன்றாகப் புரட்டவே வேண்டாம்.

கனடா காசு என்றால் இன்னும் சுலபம். குவியலுக்குள் காந்தத்தை விடுங்கள். 1968-இல் தொடங்கிய நிக்கல் காசுகள் மொத்தமாகத் தொற்றிக்கொண்டு வரும். வெள்ளி வராது. ஒருமுறை இப்படிக் காந்தத்தை எடுத்த பிறகு, அடியில் பாய்மரக் கப்பல் போட்ட ஒரு 10 சென்ட் மட்டும் கிடந்தது. 1966, 80 சதவீத வெள்ளி. பெரிய பணமில்லைதான், ஆனால் விற்றவர் அதை எடையோடு எடையாகத் தள்ளிவிட்டிருந்தார்.

அச்சுப் பிழைகள் இன்னொரு வழி. பிரிட்டனில் 2008-இல் 20 பென்ஸ் காசின் வடிவமைப்பு மாறியபோது, ஆண்டு பின்பக்கத்திலிருந்து தலைப் பக்கத்துக்குப் போனது. தவறுதலாகப் பழைய தலை அச்சும் புதிய பின் அச்சும் ஜோடி சேர்ந்ததில், எந்தப் பக்கத்திலும் ஆண்டே இல்லாத காசு வெளியே வந்துவிட்டது. மக்கள் அதைச் சில்லறையிலேயே கண்டெடுத்தார்கள். 1955-ஆம் ஆண்டு அமெரிக்க சென்ட்டில் எழுத்தும் எண்ணும் இரட்டையாக விழுந்த ரகம் ஒன்று உண்டு. அது பலருக்குக் கிடைத்தது சிகரெட் பாக்கெட்டில்! சிகரெட் விற்கும் இயந்திரத்தில் பாக்கெட் 23 சென்ட், போடுவது 25 சென்ட். மீதி இரண்டு சென்ட்டைப் பாக்கெட்டின் கண்ணாடித்தாள் உறைக்குள் வைத்தே விற்றார்கள்.

கேள்வி: கறுத்துப்போன காசைப் பாலிஷ் போட்டால் விலை கூடுமா?

பதில்: குறையும். தேய்த்த கீறல் லென்ஸில் பல்லை இளிக்கும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா? புதையல் கிடைத்தவர்கள் நிஜமாக இருக்கிறார்களா?

பதில்: இருக்கிறார்கள். 1992-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில், ஒரு விவசாயி நிலத்தில் தொலைத்த சுத்தியலைத் தேடித்தரப் போனார் எரிக் லாஸ். கிடைத்தது ரோமானியப் புதையல். காசு மட்டும் 14,865, அதோடு தங்க நகைகள், வெள்ளிப் பாத்திரங்கள். பரிசுத் தொகை 17.5 லட்சம் பவுண்டு. பிற்பாடு சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்தான்.

ஆனால் நான் பாராட்டுவது அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னதை. 2010-இல் அதே இங்கிலாந்தில் ஃப்ரோம் என்ற ஊர் அருகே பானை நிறையக் காசு கண்ட டேவ் கிரிஸ்ப்பும் அப்படித்தான் நிறுத்தினார். 52,503 காசுகளை ஆய்வாளர்கள் அடுக்கு அடுக்காக எடுத்தார்கள். பிற்காலக் காசுகள் மேலே இல்லாமல் கீழே கிடந்ததால், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த உண்டியல் இல்லை, ஒரே தடவையில் நிரப்பிய பானை என்று தெரிந்தது. அள்ளிப் பைக்குள் போட்டிருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது. டிடெக்டர் வாங்கும் முன் உங்கள் பகுதியின் சட்டத்தைப் படியுங்கள். நிலச் சொந்தக்காரரிடம் அனுமதி எழுத்தில் வாங்குங்கள். பல இடங்களில் கண்டெடுத்ததை மறைப்பதே குற்றம்.

கேள்வி: விற்பவருக்கு மதிப்புத் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது. சொல்லாமல் வாங்குவது தப்பா?

பதில்: தினமும் காசு விற்றுப் பிழைக்கும் வியாபாரி என்றால் தப்பில்லை. பார்த்து விலை போடுவது அவர் தொழில். அவர் ஏமாறும் நாளும் உண்டு, நம் தலையில் கட்டும் நாளும் உண்டு. கணவர் சேர்த்த பெட்டியைத் திறந்து வைத்து, “இது என்ன பெறும்?” என்று ஓர் அம்மா கேட்டால் கதையே வேறு. அங்கே பொய் சொல்லக் கூடாது. உள்ளதைச் சொல்லி, நியாயமான விலை கொடுங்கள். நம்மால் முடியாத விலை என்றால் ஏலத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு அப்படி ஒரு நல்ல காசு கைவிட்டுப் போயிருக்கிறது. அந்த அம்மா சொல்லித்தான் அவர் தங்கை வீட்டுப் பெட்டியும் என்னிடம் வந்தது.